வாசகர் கேள்வி-பதில்: பஸ்ஸை விட்டுட்டு நடந்த ஜனங்க

போன இதழ்ல ரோசா பார்க்ஸ் பத்தி ஒரு வாசகர் கேட்டதுக்கு நாலே வரில பதில் எழுதியிருந்தேன், அமெரிக்காவுல நிறவெறிச் சட்டத்தை எதிர்த்து பஸ்ல சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சொன்னவங்க, அதுக்கு அப்புறம் அந்த ஊர் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸே ஏறல, அடிச்சவனையும் திருப்பி அடிக்காம நின்னாங்க, அதுதான் வீரம்னு. அதுக்கு அப்புறம் வந்த கடிதம் மெயில் எல்லாம் பாத்தா பாதிக்கு மேல அதே விஷயம்தான். அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கியாச்சு. சினிமா கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி: அக்கா, எங்க பாடத்துல ரோசா பார்க்ஸ் வேலை முடிச்சு களைப்பா இருந்தாங்க, அதனால எந்திரிக்கல, அதுலதான் போராட்டம் வெடிச்சதுன்னு ஒரு பாராவுல முடிச்சிருக்காங்க. அவ்வளவு தற்செயலாவா நடந்துச்சு?

இல்லம்மா. அந்த ஒரு பாராவுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம். 1955 டிசம்பர் 1 சாயந்தரம் அலபாமா மாநிலத்துல மாண்ட்கோமரி ஊர்ல அந்த பஸ்ல ஏறுனப்போ அவங்களுக்கு 42 வயசு, பெரிய ஜவுளிக்கடை ஒண்ணுல தையல் வேலை. ஆனா அதோட சேத்து என்ஏஏசிபின்னு கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தோட ஊர்க் கிளைக்கு பல வருஷமா செயலாளரா இருந்தவங்க, அந்த வருஷம் கோடைலதான் டென்னஸில ஹைலேண்டர்ங்கற பயிற்சிப் பள்ளிக்கு போய் போராட்டம் எப்படி நடத்தறதுன்னு கத்துக்கிட்டு வந்திருந்தாங்க. உடம்பு அசதி எல்லாம் பெருசா ஒண்ணும் இல்ல, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துதான் அலுத்துப்போச்சுன்னு பின்னாடி அவங்களே சொல்லியிருக்காங்க.

அந்த பஸ் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் அந்த அலுப்பு புரியும். முன்னாடி 10 சீட்டு வெள்ளைக்காரங்களுக்குன்னே. அது காலியா கெடந்தாலும் கறுப்பர் யாரும் உக்கார முடியாது, கைக்குழந்தையோட நின்னுக்கிட்டே போகணும். காசு முன்வாசல்ல ஏறி டிரைவர்கிட்ட குடுக்கணும், குடுத்துட்டு கீழ இறங்கி நடந்து போய் பின்வாசல் வழியா மறுபடி ஏறணும், அப்படி இறங்கி நடக்கறப்போவே காசையும் வாங்கிக்கிட்டு பஸ்ஸை எடுத்துட்டு போயிடற டிரைவருங்களும் இருந்தாங்க. பார்க்ஸ் உக்காந்திருந்தது முன் சீட்டுல கூட இல்ல, அந்த 10 சீட்டுக்கு அடுத்து இருந்த நடு வரிசை. முன்னாடி நிறைஞ்சிட்டா நடு வரிசைய காலி பண்ணிக் குடுக்கணும்னு வழக்கம், அதுவும் ஒரே ஒரு வெள்ளைக்காரர் உக்கார்றதுக்காக அந்த வரிசைல இருந்த நாலு பேரும் எந்திரிக்கணும். மூணு பேர் எந்திரிச்சாங்க. இவங்க ஜன்னல் பக்கம் நகந்து உக்காந்தாங்க, அவ்வளவுதான்.

இதுக்கு முன்னாடியே, அதே வருஷம் மார்ச் 2-ம் தேதி, கிளாடெட் கோல்வின்னு 15 வயசு பள்ளிக்கூடப் பொண்ணு அதே ஊர்ல அதையேதான் பண்ணுச்சு. போலீஸ் இழுத்துக்கிட்டு போய் விலங்கு போட்டாங்க. அந்தப் பொண்ண முன்ன நிறுத்தி போராட்டம் ஆரம்பிக்க தலைவருங்க தயங்குனாங்க, சின்ன வயசு, ஏழைக் குடும்பம், அப்புறம் கல்யாணம் ஆகாம கர்ப்பமும் ஆயிடுச்சு, பத்திரிகைக்காரன் கிழிச்சிடுவான்னு பயம். எனக்கு இது படிக்கறப்பெல்லாம் வலிக்கும். ஏன்னா கடைசில பஸ்ல நிறப்பிரிவினை செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சே, அந்த வழக்கு பார்க்ஸ் பேர்ல இல்ல, நாலு பொண்ணுங்க பேர்ல போட்ட வழக்கு, அதுல ஒருத்தி கோல்வின். 16 வயசுல கோர்ட்ல ஏறி சாட்சி சொன்னா.

இன்னொரு பேரும் எழுதி வச்சுக்கோ. ஜோ ஆன் ராபின்சன். அங்க இருந்த கறுப்பினக் கல்லூரில இங்கிலீஷ் பேராசிரியை, பெண்கள் அரசியல் கவுன்சில்னு ஒரு அமைப்புக்கு தலைவி. பஸ்ல இப்படியே நடத்துனா புறக்கணிப்பு வரும்னு 1954 மே மாசமே மேயருக்கு லெட்டர் போட்டவங்க. பார்க்ஸ் கைதான ராத்திரியே காலேஜ்ல போய் ஒரு சக ஆசிரியரையும் ரெண்டு மாணவர்களையும் கூட வச்சுக்கிட்டு சைக்ளோஸ்டைல் மெஷின்ல விடிய விடிய ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அடிச்சாங்க, திங்கக்கிழமை யாரும் பஸ் ஏறாதீங்கன்னு. மாட்டியிருந்தா அன்னைக்கே வேலை போயிருக்கும். வெள்ளிக்கிழமை காலைல வகுப்புக்கு போயிட்டு, முடிஞ்சதும் கார்ல நோட்டீஸ் கட்டை ஏத்திக்கிட்டு பள்ளிக்கூடம், பியூட்டி பார்லர், சலூன்னு எறக்கிட்டே போனாங்க. மார்ட்டின் லூதர் கிங் அதுக்கு அப்புறம்தான் வர்றார், 26 வயசு, ஊருக்கு புதுசா வந்த பாதிரியார். டிசம்பர் 5 திங்கக்கிழமை பஸ்ஸெல்லாம் காலியா ஓடுனத பாத்ததுக்கு அப்புறம் அன்னைக்கு மத்தியானம்தான் அவரை தலைவரா போட்டாங்க.

இல்லத்தரசி, கரூர்: 381 நாள் பஸ் ஏறலைன்னு போட்டிருந்தீங்க. வேலைக்கு போற ஜனங்க எப்படி போனாங்க, செலவுக்கு யார் குடுத்தாங்க?

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. ஏன்னா அந்த ஊர்ல பஸ் பயணிங்கள்ல முக்காவாசி பேர் கறுப்பின மக்கள், அதுலயும் பெரும்பாலும் வீட்டுவேலை செய்யற பொம்பளைங்க, சமையல்காரம்மாங்க, துணி துவைக்கறவங்க. ஊரோட ஒரு கோடில இருந்து வெள்ளைக்காரங்க தெருவுக்கு போகணும்.

முதல்ல கறுப்பின டாக்ஸிக்காரங்க பஸ் டிக்கெட் அளவுக்கு 10 சென்ட் வாங்கிக்கிட்டு ஏத்துனாங்க. நகராட்சி உடனே பழைய சட்டத்தை தூசி தட்டி எடுத்து 45 சென்ட்டுக்கு கம்மியா வாங்குனா கேஸ்னு சொல்லிடுச்சு. அதுக்கு அப்புறம் கார் வச்சிருக்கறவங்க எல்லாம் வண்டிய குடுத்தாங்க, கிட்டத்தட்ட 300 கார், நம்ம ஷேர் ஆட்டோ மாதிரின்னு வச்சுக்கங்க, காலைல இந்த இந்த இடத்துல ஏத்தணும் சாயந்தரம் இந்த இடத்துல இருந்து கூட்டிட்டு வரணும்னு பட்டியல் போட்டு ஓட்டுனாங்க. 1953-ல லூசியானாவுல பேட்டன் ரூஜ்ல இப்படி ஒரு சின்ன பஸ் புறக்கணிப்பு நடந்திருந்துச்சு, அங்க நடத்துன பாதிரியார் ஜெமிசன்கிட்ட கிங் போன் போட்டு கேட்டுத்தான் இந்த ஏற்பாட்டை பண்ணுனார். சர்ச்சுங்க பேர்ல பெரிய ஸ்டேஷன் வேகன் வண்டிங்க வாங்குனாங்க. போலீஸ்காரன் தொட்டதுக்கெல்லாம் ஃபைன் போட்டான், 25 மைல்ல போற இடத்துல 30-ல போனார்னு கிங்கையே புடிச்சு உள்ள வச்சான். இன்சூரன்ஸ் கம்பெனிங்க பாலிசிய ரத்து பண்ண ஆரம்பிச்சதும் லண்டன்ல லாய்ட்ஸ்ல போய் இன்சூரன்ஸ் எடுத்தாங்க. வேடிக்கை என்னன்னா வெள்ளைக்கார வீட்டம்மாங்களே நிறைய பேர் அவங்கவங்க வீட்டு சமையல்காரம்மாவ கார்ல போய் கூட்டிட்டு வந்தாங்க, கொள்கைக்காக எல்லாம் இல்ல, வீட்ல வேலை நடக்கணுமே. மேயர் அதுக்கு அந்தம்மாங்களை பகிரங்கமா திட்டுனார்.

பணத்துக்கு வர்றேன். ஜார்ஜியா கில்மோர்னு ஒரு அம்மா. ஒரு சாப்பாட்டுக் கடைல சமையல் வேலை. முதல் கூட்டத்துக்கே சிக்கன் வறுத்து சாண்ட்விச் பண்ணி வித்து அந்தக் காசை போராட்டத்துக்கு குடுத்தாங்க. அப்புறம் அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களை சேத்துக்கிட்டு கேக், பை, சாப்பாடுன்னு வீட்லயே பண்ணி வித்தாங்க, பியூட்டி பார்லர், டாக்ஸி ஸ்டாண்டு எல்லா இடத்துலயும், வெள்ளைக்காரங்களும் வாங்கி சாப்பிட்டாங்க எதுக்கு போற காசுன்னு தெரியாமலே. அந்தக் குழுவுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, 'எங்கிருந்தும் வராத கிளப்'. காசு எங்கிருந்து வந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா எங்கிருந்தும் வரலன்னு சொல்லிடலாம், சமைச்சவங்க யாருக்கும் வேலை போகாது. வாரா வாரம் சர்ச்சுல நடக்கற கூட்டத்துல இந்தம்மா எந்திரிச்சு இந்த வாரம் இவ்வளவுன்னு பணத்தை எண்ணி சொல்றப்போ கூட்டமே ஆர்ப்பரிக்குமாம்.

1956 மார்ச்ல கிங் மேல நடந்த வழக்குல, புறக்கணிப்பு நடத்தறதே குத்தம்னு 1921-ல போட்ட ஒரு சட்டத்துல 89 பேர் மேல கேஸ், அதுல கில்மோர் கூண்டுல ஏறி பஸ்ல ஒரு டிரைவர் காசை வாங்கிட்டு பின்வாசலுக்கு போறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டு போனதை அப்படியே சொன்னாங்க. வேலை போச்சு. வேற எங்கயும் கூப்பிடவும் இல்ல. கிங்தான் நீங்களே வீட்ல சமைச்சு வித்தா என்னன்னு சொல்லி பாத்திரம் பண்டம் வாங்க பண உதவியும் பண்ணுனார். அந்த வீட்டு சாப்பாட்டு மேசைதான் அப்புறம் போராட்டக்காரங்க ரகசியமா உக்காந்து பேசற இடம் ஆச்சு. 1990-ல, ஓட்டுரிமை கேட்டு நடந்த செல்மா பேரணியோட 25-வது வருஷத்துக்கு வர்றவங்களுக்காக சமைச்சிட்டிருந்த நாள்லதான் அவங்க இறந்தாங்க.

ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க. 1956 நவம்பர் 13, அந்த கார் ஏற்பாட்டை தடை பண்ணச் சொல்லி நகராட்சி கேட்ட கேஸ் நடந்துட்டிருக்கு, கிங் கோர்ட்ல உக்காந்திருக்கார், தோத்துடுவோம்னு தெரியுது. அப்போதான் சுப்ரீம் கோர்ட் பஸ்ல பிரிவினை செல்லாதுன்னு சொல்லிடுச்சுன்னு துண்டுச் சீட்டு வருது. ஆனா அதே நாள்ல கார் ஏற்பாட்டுக்கும் தடை போட்டாச்சு. உத்தரவு ஊருக்கு வந்து சேர டிசம்பர் 20 ஆச்சு. நடுவுல அந்த ஒரு மாசத்துக்கு மேல ஜெயிச்ச ஜனங்க காரும் இல்லாம பஸ்ஸும் ஏறாம நடந்தே போனாங்க. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் அந்த கடைசி மாசம்தான் பெருசு.

வியாபாரி, தூத்துக்குடி: அடிக்கறவன திருப்பி அடிக்காம நிக்கறது வீரம்னு சொல்றீங்க. எனக்கு என்னமோ அது பயந்தாங்கொள்ளித்தனமாத்தான் படுது. தப்பா எடுத்துக்காதீங்க.

தப்பா எடுத்துக்கல அண்ணாச்சி. அந்த ஊர்க்காரங்களே நிறைய பேர் இதைத்தான் கேட்டாங்க. பதிலா டென்னஸி மாநிலத்துல நாஷ்வில் ஊர்ல நடந்ததை சொல்றேன்.

ஜேம்ஸ் லாசன்னு ஒருத்தர், கொரியா போருக்கு ஆள் எடுத்தப்போ போகமாட்டேன்னு சொல்லி ஜெயிலுக்கு போனவர், அப்புறம் 1953-ல இருந்து மூணு வருஷம் நாக்பூர்ல ஹிஸ்லாப் காலேஜ்ல வேலை பாத்தவர், காந்தி வழிய அங்கேயே இருந்து படிச்சுட்டு ஊருக்கு திரும்புனார். நாஷ்வில்ல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டில இறையியல் படிச்சிட்டே ஒரு சர்ச்சோட அடித்தளத்துல மாணவருங்களுக்கு சாயந்தர வகுப்பு நடத்துனார். வகுப்புன்னா பிரசங்கம் இல்லீங்க. நாற்காலிய கடை கவுன்ட்டர் மாதிரி போட்டு சில பேர உக்கார வச்சு, மத்தவங்க வெள்ளைக்கார ரவுடி வேஷம் கட்டி அவங்க முடிய புடிச்சு இழுக்கணும், காதுல கெட்ட வார்த்தை சொல்லணும், முகத்துல சிகரெட் புகைய ஊதணும், நாற்காலிய தட்டிவிடணும். விழுந்தா எப்படி சுருண்டு தலைய கைக்குள்ள காப்பாத்திக்கணும், பக்கத்துல ஒருத்தன அடிச்சா எப்படி குறுக்க போய் விழுந்து அடிய பிரிச்சு வாங்கிக்கணும், எல்லாம் பழகுனாங்க. என்னால திருப்பி அடிக்காம இருக்க முடியாதுன்னு சொன்னவங்களை கவுன்ட்டருக்கு அனுப்பல, வேற வேலைக்கு போட்டாங்க. யோசிச்சு பாருங்க, பயந்தவன் எதுக்கு மாசக்கணக்குல அடிவாங்க பயிற்சி எடுக்கப்போறான்?

கடைங்கள்ல துணி வாங்கலாம், பேனா வாங்கலாம், ஆனா அதே கடைல லன்ச் கவுன்ட்டர்ல உக்காந்து காபி குடிக்க முடியாது, அதுதான் அங்க இருந்த நிலைமை. 1960 பிப்ரவரி 1-ம் தேதி கிரீன்ஸ்பரோல நாலு மாணவங்க வுல்வொர்த் கடை கவுன்ட்டர்ல உக்காந்தாங்க, பிப்ரவரி 13 நாஷ்வில்ல இவங்க ஆரம்பிச்சாங்க. எல்லார் கைலயும் விதி எழுதுன ஒரு பேப்பர்: திட்டுனாலும் அடிச்சாலும் திருப்பி பண்ணாதே, சத்தமா சிரிக்காதே, நிமிந்து உக்காரு, முகம் எப்பவும் கவுன்ட்டர் பக்கமே இருக்கணும், தலைவர் சொல்லாம சீட்ட விட்டு எந்திரிக்காதே. பிப்ரவரி 27 சனிக்கிழமை கும்பல் வந்து அடிச்சுது, போலீஸ் அடிச்சவங்களை விட்டுட்டு அடிவாங்குனவங்களை புடிச்சுது. ஒரு வரிசைய கூட்டிட்டு போனா அடுத்த வரிசை வந்து அதே சீட்டுல உக்காந்துச்சு, அன்னைக்கு மட்டும் 80 பேருக்கு மேல கைது.

அந்த சமயத்துல ஒரு நாள் தெருவுல ஒருத்தன் லெதர் ஜாக்கெட் போட்டவன் லாசன் முகத்துல துப்பிட்டான். அவர் அவன்கிட்டயே கைக்குட்டை இருக்கான்னு கேட்டார். அவன் என்ன ஏதுன்னு யோசிக்கறதுக்குள்ள எடுத்து குடுத்துட்டான். துடைச்சிட்டு திருப்பி குடுத்துட்டு உன்கிட்ட பைக் இருக்கான்னு கேட்டார். ரெண்டு பேரும் நின்னு வண்டியப் பத்தி பேசிட்டு இருந்தாங்க, அதுக்குள்ள அடிவாங்கிட்டு இருந்த பையன் தப்பிச்சு கிளம்பிட்டான். இது பயந்தாங்கொள்ளி பண்ற வேலையா அண்ணாச்சி?

அடுத்த மாசமே வாண்டர்பில்ட் அவரை டிஸ்மிஸ் பண்ணிடுச்சு. கவுன்ட்டர்ல உக்காந்ததோட நிக்கல அந்த ஜனங்க, ஈஸ்டர் நேரத்துல டவுன் கடைல யாரும் துணிமணி வாங்கலை, நீங்க வியாபாரம் பண்றவரு உங்களுக்கு தெரியும் தீபாவளி சீசன்ல கடை காத்தாடுனா என்ன ஆகும்னு. ஏப்ரல் 19 விடியக்காலைல அவங்களுக்காக வாதாடுன லூபின்னு கறுப்பின வக்கீல் வீட்ல டைனமைட் போட்டாங்க. அன்னைக்கே ஆயிரக்கணக்குல பேர் சத்தமே போடாம நடந்து நகராட்சி வாசலுக்கு போனாங்க, டயான் நாஷ்னு 21 வயசுப் பொண்ணு மேயர் பென் வெஸ்ட்டை நேருக்கு நேர் நிறுத்தி ஒரு மனுஷன நிறத்தை வச்சு பிரிக்கறது சரின்னு நினைக்கறீங்களான்னு கேட்டா. அவரு சரியில்லன்னு ஒத்துக்கிட்டார். மே 10-ம் தேதி கவுன்ட்டர் திறந்துச்சு.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். எல்லாரும் ஆயுதமே தொடலைன்னு கிடையாது. மாண்ட்கோமரில வீட்ல குண்டு போட்டதுக்கு அப்புறம் கிங்கே துப்பாக்கி லைசன்ஸ் கேட்டு விண்ணப்பிச்சார், குடுக்கல. வீட்ல துப்பாக்கி இருந்துச்சு, பேயார்ட் ரஸ்டின் மாதிரி அகிம்சைப் போராட்டத்துல அனுபவஸ்தங்க வந்து பேசுனதுக்கு அப்புறம்தான் அதை விட்டார். 1964-ல லூசியானாவுல போராட்டக்காரங்களுக்கு காவல் நிக்கறதுக்குன்னே துப்பாக்கியோட கறுப்பினக் குழு ஒண்ணு இருந்துச்சு. ராத்திரில வீட்டுக்கு தீ வைக்க வர்றவன்கிட்ட இருந்து பிள்ளைங்களை காப்பாத்த நினைச்சவங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா கவுன்ட்டர திறந்தது உக்காந்தவங்கதான்.

பஸ் கண்டக்டர், சேலம்: பஸ் எரியற போட்டோ ஒண்ணு பாத்தேன் மேடம், அது எந்த சம்பவம்?

1961 மே 14, அலபாமாவுல அனிஸ்டன் ஊருக்கு வெளிய. மாநிலம் விட்டு மாநிலம் போற பஸ்லயும் பஸ் ஸ்டாண்டுலயும் பிரிவினை கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியும் தெக்கு மாநிலங்கள்ல யாரும் மதிக்கல, அதை சோதிச்சு காட்டத்தான் கறுப்பரும் வெள்ளையருமா 13 பேர் மே 4-ல வாஷிங்டன்ல இருந்து கிளம்புனாங்க. அனிஸ்டன்ல கும்பல் டயர குத்தி, பஸ் நின்னதும் உள்ள தீய போட்டு கதவ வெளிய இருந்து அமுக்கி புடிச்சாங்க. டேங்க் வெடிக்கற சத்தம் கேட்டு கும்பல் பின்வாங்குனதுலதான் உயிர் பொழைச்சாங்க. எதிர்ல மளிகைக் கடை வச்சிருந்த வெள்ளைக்கார வீட்டுப் பொண்ணு, 12 வயசு, புகைல மூச்சு திணறி புல்லுல கெடந்தவங்களுக்கு வாளில தண்ணி கொண்டாந்து ஒவ்வொருத்தருக்கா குடுத்துச்சு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுலங்க!

பயணம் அதோட நின்னிருக்கணும். டயான் நாஷ் விடல, அடிச்சா நின்னுடுவாங்கன்னு அவனுங்களுக்கு தெரிஞ்சா அதோட எல்லாமே போச்சுன்னு சொல்லி நாஷ்வில்ல இருந்து மாணவங்களை அனுப்பி வச்சா. வாஷிங்டன்ல இருந்து அரசாங்க ஆள் போன் பண்ணி செத்துப்போவாங்கன்னு எச்சரிச்சப்போ, தெரியும் சார், நேத்து ராத்திரியே எல்லாரும் உயில் எழுதி கையெழுத்து போட்டாச்சுன்னு சொன்னா. பரீட்சை நேரம் வேற. சில பேரை காலேஜை விட்டே அனுப்பிட்டாங்க. அந்த கோடைல மிசிசிப்பில ஜாக்சன் ஊர்ல மட்டும் 300 பேருக்கு மேல கைதாகி நிறைய பேர் பார்ச்மன் ஜெயிலுக்கு போனாங்க, பாட்டு பாடுறத நிறுத்தலைன்னு மெத்தைய புடுங்கிட்டு இரும்புக் கட்டில்ல படுக்க விட்டாங்க. நவம்பர் 1-ல இருந்து பஸ் ஸ்டாண்டுல வெள்ளையர் கறுப்பர்னு இருந்த போர்டெல்லாம் எடுக்கணும்னு உத்தரவு அமலுக்கு வந்துச்சு.

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை: ஜாமீன் கிடைக்கறப்போ வெளிய வந்து போராடறதுதானே புத்திசாலித்தனம்? ஏன் ஜெயில்லயே இருந்தாங்க?

கணக்கு போட்டு பாருங்க தம்பி. ஒவ்வொரு தடவை கைதாகறப்பவும் ஜாமீனுக்கும் அபராதத்துக்கும் கட்டுற காசு யார் கைக்கு போகுது? எந்த ஊர் நிர்வாகம் புடிச்சு உள்ள போடுதோ அதே கஜானாவுக்குத்தான். போராட்டக்காரன் சங்கம் திவாலாகும், அவங்க பெட்டி நிறையும்.

1961 ஜனவரி 31, சவுத் கரோலினாவுல ராக் ஹில் ஊர்ல கவுன்ட்டர்ல உக்காந்ததுக்கு ஃப்ரெண்ட்ஷிப் ஜூனியர் காலேஜ் பசங்க எட்டு பேரும் அமைப்பாளர் ஒருத்தரும் கைதானாங்க. 100 டாலர் அபராதம் இல்லைன்னா 30 நாள் கடுங்காவல். ஒன்பது பேரும் ஜெயில்னு சொல்லிட்டு போய் மண்ணு அள்ளுனாங்க. இப்போ செலவு நிர்வாகத்துக்கு, சோறு போடணும், காவல் போடணும், இடம் வேணும். டயான் நாஷ் உட்பட நாலு பேர் வேற ஊர்ல இருந்து வந்து வேணும்னே அதே மாதிரி உக்காந்து அவங்களுக்கு துணையா உள்ள போனாங்க. நீங்க சட்டம் படிக்கறதால சொல்றேன், அந்த தண்டனைய 2015 ஜனவரில கோர்ட் ரத்து பண்ணுச்சு, ரத்து பண்ணுன ஜட்ஜ் யாருன்னா அன்னைக்கு தண்டனை குடுத்தவரோட உறவுக்காரர். நடுவுல 54 வருஷம் அவங்க பேர்ல கிரிமினல் ரெக்கார்டு இருந்துச்சு. ஒரு விண்ணப்பம் போடறப்பெல்லாம் அதை எழுதிக்கிட்டே இருக்கணும். 30 நாள்ல முடிஞ்ச தண்டனை இல்ல அது.

ஒரு அம்மா, சென்னை: பர்மிங்காம்ல குழந்தைங்களை இறக்கி போராட்டம் நடத்துனாங்களாமே. அது நியாயமா?

இதுக்கு நான் சட்டுனு ஆமான்னோ இல்லன்னோ சொல்லமாட்டேன். அலபாமாவுல இருக்கற பர்மிங்காம் ஊர்ல 1963 ஏப்ரல்ல ஆரம்பிச்ச போராட்டம் மே மாசம் தொய்ஞ்சு போச்சு. பெரியவங்க ஜெயிலுக்கு போனா வேலை போகும், வாடகை நிக்கும், வீடு போகும். கிங்கோட இயக்கத்துல இருந்த ஜேம்ஸ் பெவல்ங்கறவர்தான் பசங்களை கூப்பிடலாம்னு சொன்னார், கிங் தயங்குனார். மே 2-ம் தேதி 16-வது தெரு பாப்டிஸ்ட் சர்ச்சுல இருந்து பசங்க அம்பது அம்பது பேரா பாட்டு பாடிக்கிட்டே வெளிய வந்தாங்க, போலீஸ் வேன் பத்தாம ஸ்கூல் பஸ்ல ஏத்திட்டு போனாங்க. ஜெயிலுக்கு போனதுல 9 வயசுப் பொண்ணும் உண்டு, ஒரு வாரம் உள்ள இருந்துச்சு. மறுநாள் புல் கானர்ங்கற அதிகாரி நாய விட்டான், தீயணைப்பு குழாய்ல தண்ணி பீச்சி அடிச்சான், மரப்பட்டைய உரிக்கற வேகம் அது. உலகம் பூரா அந்த போட்டோவ பாத்துச்சு. மே 10-ல ஒப்பந்தம். ஆயிரத்துக்கும் மேல மாணவங்களை ஸ்கூல விட்டு நீக்குனாங்க, மேல் கோர்ட் ஜட்ஜ் டட்டில் ரெண்டே நாள்ல அதை நிறுத்துனார்.

குழந்தைங்களை முன்னாடி நிறுத்தறது ஆம்பளைத்தனமான்னு மால்கம் எக்ஸ்ங்கற கறுப்பினத் தலைவர் கேட்டார், அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியும் கண்டிச்சார். என் மனசு என்னன்னா, அந்தப் பிள்ளைங்க அதுக்கு முன்னாடி பாதுகாப்பா இருந்த மாதிரி பேசறதுதான் தப்பு. நிறைய பசங்க அப்பா அம்மா வேண்டாம்னு சொல்லியும் ஸ்கூல் கேட்ட ஏறி குதிச்சு வந்தாங்க. செப்டம்பர் 15 ஞாயித்துக்கிழமை அதே சர்ச்சுல குண்டு வெடிச்சு நாலு பொண்ணுங்க செத்தாங்க, மூணு பேருக்கு 14 வயசு, ஒருத்திக்கு 11. அவங்க அன்னைக்கு ஊர்வலத்துக்கு போகல, சர்ச்சுக்குத்தான் போனாங்க. அதுல குத்தவாளிங்களுக்கு தண்டனை கிடைச்சது 1977, 2001, 2002-ல. ஆனாலும் பெரியவங்க ஒரு குழந்தைய ஜெயிலுக்கு அனுப்பறப்போ அந்தப் பொறுப்பு பெரியவங்க தலைலதான், ஜெயிச்சதால அது கரைஞ்சிடாது. ரெண்டையும் சேத்துதான் நான் வச்சிருக்கேன் அம்மா.

வாசகர், தரங்கம்பாடி: இதுல தமிழருக்கு ஏதாச்சும் தொடர்பு உண்டா?

உங்க பக்கத்து ஊர்தான். தில்லையாடி வள்ளியம்மை, பொறந்தது ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்காவுல இந்தியர் மேல போட்ட தலைவரி, இந்திய முறைக் கல்யாணம் செல்லாதுன்னு வந்த தீர்ப்பு எல்லாத்தையும் எதிர்த்து 1913-ல மறியல்ல ஜெயிலுக்கு போய் காய்ச்சலோட வெளிய வந்து 1914 பிப்ரவரி 22-ல இறந்துச்சு, 16 வயசு. அது இந்தியர் உரிமைக்கான போராட்டம், ஆப்பிரிக்கர்களை சேத்துக்கல, அதையும் சொல்லணும். காந்தியோட அந்த அனுபவம்தான் லாசன் வழியா, இன்னும் பல பேர் வழியா அமெரிக்காவுக்கு போச்சு. கிங் 1959-ல மனைவி கொரெட்டாவோட இந்தியாவுல கிட்டத்தட்ட ஒரு மாசம் சுத்துனார், கன்னியாகுமரிக்கு வந்து சூரியன் மறையறதையும் நிலா எழும்பறதையும் பாத்ததை ஊருக்கு போய் பிரசங்கத்துல சொன்னார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை: இவ்வளவு இழந்தவங்களுக்கு கடைசில என்ன கிடைச்சுது?

ஐயா, சொந்தமா பாத்தா ரொம்ப கம்மி. ரோசா பார்க்ஸுக்கு வேலை போச்சு, கணவர் ரேமண்டும் வேலைய விட வேண்டி வந்துச்சு, 1957-ல மாண்ட்கோமரில பொழைக்க வழியில்லாம டெட்ராய்ட்டுக்கு போனாங்க, 1965-ல ஒரு எம்பி ஆபீஸ்ல வேலை கிடைக்கற வரைக்கும் கஷ்டம்தான். லாசனை விரட்டுன வாண்டர்பில்ட் 2006-ல அவரையே பேராசிரியரா கூப்பிட்டுச்சு. கோல்வினோட கேஸ் ரெக்கார்டை 2021-லதான் அழிச்சாங்க, அவங்களுக்கு அப்போ 82 வயசு.

ஃபேனி லூ ஹேமர்னு மிசிசிப்பில ஒரு அம்மா, பருத்திக் காட்டுல கூலி, இருபது பிள்ளைங்க பொறந்த வீட்ல கடைசிப் பிள்ளை. கறுப்பருக்கு ஓட்டு போட உரிமை இருக்குன்னு அவங்களுக்கு 44 வயசுலதான் தெரியும். 1962 ஆகஸ்ட் 31-ல பேர் பதிய போனாங்க, அங்க மாநில அரசியல் சட்டத்துல ஒரு பிரிவ குடுத்து விளக்கம் எழுதச் சொல்லுவான், எழுதலைன்னா ஃபெயில். ஃபெயிலாகி வீட்டுக்கு வந்தா பண்ணைக்காரன் நிக்கறான், விண்ணப்பத்தை வாபஸ் வாங்கு இல்லைன்னா கிளம்புன்னு. நான் உங்களுக்காக பதிய போகல, எனக்காகத்தான் போனேன்னு சொல்லிட்டு 18 வருஷம் உழைச்ச இடத்தை அன்னைக்கு ராத்திரியே விட்டு வெளிய வந்தாங்க. 1963 ஜூன்ல வினோனா ஜெயில்ல போலீஸ் மத்த கைதிங்களை விட்டு அடிக்க வச்சு கிட்னி, கண்ணு ரெண்டும் கெட்டுப்போச்சு, சின்ன வயசுல போலியோவால வந்த நொண்டல் இன்னும் மோசமாச்சு. 1977-ல புற்றுநோய்ல போனப்போ கைல காசு இல்ல.

ஆனா நீங்க கேட்டதுக்கு இன்னொரு பதிலும் இருக்கு. செல்மாவுல 1965 மார்ச் 7-ம் தேதி ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவங்க பாலத்து மேல போலீஸ்கிட்ட அடிவாங்குனதுக்கு அப்புறம் ஆகஸ்ட் 6-ல ஓட்டுரிமைச் சட்டம் வந்துச்சு. மிசிசிப்பில ஓட்டர் லிஸ்ட்ல இருந்த கறுப்பின மக்கள் 1964-ல 100-க்கு 7 பேர் கூட இல்ல. 1967-ல கிட்டத்தட்ட 60 பேர்.